விலை பேசும் உதடுகள்

வேதபாடம்
வாசிக்க: ஆதியாகமம் 23, 1 நாளாகமம் 21:18-26, நீதிமொழிகள் 20:14, மத்தேயு 5:37



இந்த மாதப் பாடத்தைக் கர்த்தர் எனக்குப் பிரசங்க பீடத்தில் கற்றுத்தரவில்லை. சேலத்தில் ஒரு கார் ஷோரூமில் கற்றுத்தந்தார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சபையின் பழைய வண்டிக்கு ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் தாங்கவில்லை. ஒரு ராத்திரி பிரசவ வலியில் இருந்த சகோதரியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பாதி வழியில் நின்றுபோச்சு. பின்னால் வந்த வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார், தேவன் காத்தார். அதன்பின் விசுவாசிகள் காபி பறித்த கூலியிலிருந்து காணிக்கை சேர்த்து, "பாஸ்டர், நல்ல வண்டியா பாருங்க" என்றார்கள்.

நானும் என் மனைவியும் போனோம். விலையைக் கேட்டதும் நான் சொன்னேன்: "தம்பி, இன்னொரு ஷோரூம்ல 15,000 குறைச்சுத் தர்றாங்களே." அப்படி எந்த ஷோரூமும் சொல்லவில்லை. அந்தத் தம்பி மேனேஜரிடம் போய்விட்டு வந்து, "சரிங்க ஐயா, உங்களுக்காகக் குறைச்சாச்சு" என்றான். சபைப் பணத்தை மிச்சம் பிடித்தேன் என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பஸ்ஸில் மலை ஏறும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, எந்த ஷோரூம்ல அப்படிச் சொன்னாங்க?" என்னிடம் பதில் இல்லை. "நீங்க ஊழியக்காரர்னு தெரிஞ்சுதான் அந்தத் தம்பி நம்பினான்" என்றாள். அன்று இரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை.

1. விலை பேசுவது பாவமா?

இல்லை. ஆபிரகாம் சோதோமுக்காக 50 பேரில் தொடங்கி 10 பேர் வரைக்கும் தேவனிடத்திலேயே கேட்டுக் கேட்டு வந்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை. மக்பேலா குகைக்கு எப்ரோன் 400 சேக்கல் என்றபோது, ஊரார் முன்பாக நிறுத்துக் கொடுத்தான். ஒர்னான் களத்தை இலவசமாகவே கொடுக்க வந்தும், தாவீது முழு விலை கொடுத்தான். கேட்கலாம், கொடுக்கலாம், வேண்டாம் என்று எழுந்தும் வரலாம். ஏழைகளின் காணிக்கையைக் கையில் வைத்திருப்பவன் விசாரிக்காமல் வாங்குவதும் உண்மையுள்ள உக்கிராணத்துவம் அல்ல.

2. பொய் எங்கே நுழைகிறது?

நீதிமொழிகள் 20:14-ஐ நம் மலை ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மிளகு வாங்க வருகிற வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "ஈரமா இருக்கே, பொக்கு அதிகமா இருக்கே" என்று முகம் சுளிப்பார். வாங்கி லாரியில் ஏற்றினபின் அவரே, "நல்ல சரக்கு, சல்லிசா முடிஞ்சது" என்று பெருமை பேசுவார். விற்கும்போது நமக்கு வயிறு எரிகிறது. வாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே நாக்கு நமக்கும் வந்துவிடுகிறது! கள்ளத்தராசு விற்கிறவன் கையில் மட்டும் இல்லை. வாங்குகிறவன் வாயிலும் உண்டு.

3. உண்மையோடு பேசுவது எப்படி?

பொய் சொல்லாமல் பேச, விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன்தான் பொய்யைத் தேடுகிறான்.

(அ) 'ஆன் ரோடு விலை' என்று மொத்தமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதிருங்கள். எக்ஸ் ஷோரூம் விலை, ஆயுள்கால வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் என்று வரி வரியாக எழுத்தில் கேளுங்கள்.

(ஆ) இராயனுடையதில் பேரம் இல்லை. ஜி.எஸ்.டி.யும் ஆயுள்கால வரியும் அரசாங்கத்துக்குப் போகிறவை. 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு, செஸ் சேர்த்து 29% இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆனது. அந்தக் குறைவு கடைக்காரர் தரும் தள்ளுபடி அல்ல. தள்ளுபடியைத் தனியாகக் கேளுங்கள்.

(இ) இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியில் விசாரித்து, அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

(ஈ) மாதக் கடைசியில், விற்பனை இலக்கு எட்டாதிருந்தால் குறைக்க மனசு வரும். போன வருஷம் தயாரான வண்டியென்றால் இன்னும் குறைத்துக் கேட்கலாம். தயாரிப்பு மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(உ) கடனில் வாங்கினால் மாதத் தவணையை மட்டும் பார்த்து மகிழாதிருங்கள். வருஷம் கூடினால் தவணை குறையும், வட்டி ஏறும்.

(ஊ) மலையில் இருக்கிற நாம், நாலு பேரை ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. ஒப்புக்கொண்ட தள்ளுபடியையும் அதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

4. திரும்பிப் போன நாள்

திங்கட்கிழமை இறங்கிப் போனேன். "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது பொய். மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஐயா, அந்த 15,000-ல என் இன்சென்டிவும் சேர்த்துதான் போயிருக்கும்" என்றான். சபைப் பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, வேறொரு ஏழையின் பையில் கை வைத்திருக்கிறேன்!

தள்ளுபடியை ரத்து செய்யச் சொன்னேன். மேனேஜரும் ரத்து செய்துவிட்டார். அதன்பின் உண்மையான காகிதங்களோடு உட்கார்ந்தோம். வெளியில் எடுத்த இன்சூரன்ஸில் 7,000 குறைந்தது. வேண்டாத ஆக்சஸரீஸை நீக்கியதில் 5,000. மொத்தம் 12,000. பொய்யில் கிடைத்ததைவிட 3,000 நஷ்டம்தான். அதை அப்படியே சபையில் அறிக்கையிட்டேன். ஒரு வயதான தாயார் மட்டும் எழுந்து, "3,000 போகட்டும் பாஸ்டர், வண்டியில பயமில்லாம ஏறலாம்" என்றார்கள்.

நம்மை ஆராய்வோம்:

• விற்கும்போது எனக்கு ஒரு நாக்கு, வாங்கும்போது வேறொரு நாக்கா?
• நான் குறைத்து வாங்கியது யாருடைய கூலியிலிருந்து குறைந்தது?
• திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டிய கடை ஏதாவது உண்டா?

ஜெபம்: ஆண்டவரே, சந்தையிலும் எங்கள் உள்ளது உள்ளதென்றிருக்க உதவி செய்யும். ஆமென்.