ஆச்சியின் பிரஷரும் சுண்டெலியும்

"எங்கம்மாவுக்கு பிரஷர் இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு" என்பார் என் ஆச்சி. உண்மையா என்று அறிவியல் சாரிடம் கேட்டேன். ஆலிவர் ஸ்மிதீஸ் (1925–2017) பற்றிச் சொன்னார். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்.

ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக் குழாயைச் சுருக்கும். அதற்கு மூலமான புரதத்தின் மரபணு, சுண்டெலிக்கு இயல்பாக 2 பிரதி. ஸ்மிதீஸ் குழுவினர் 1, 2, 3, 4 பிரதிகள் உள்ள எலிகளின் ரத்த அழுத்தத்தை அளந்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரதி கூடினால் அழுத்தம் சுமார் 8 மி.மீ. ஏறியது! எலி மரபணுவை மாற்றும் முறைக்காக 2007-ல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

ஆக, ஆச்சி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில் உப்பும் உண்டு. நேற்று ஆச்சி தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்துவிட்டேன். திட்டினாங்க, பரவாயில்லை!

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி