குழந்தைகளின் முதல் தூண்டில்: பெற்றோருக்குச் சில குறிப்புகள்

• இடம்: ஊர்க் குளங்களிலும் கண்மாய்களிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுவதால், குத்தகைதாரரிடம் முன்னரே அனுமதி பெற்று, கரை செங்குத்தாக இறங்காத, பாசி படியாத, நிழலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

• தூண்டில்: குழந்தையின் கைக்கு அடங்கும் மெல்லிய மூங்கில் கழியும், நைலான் நரம்பும், மீன் கடித்தவுடன் நீரில் அமிழ்ந்து அதை உணர்த்தும் மிதவையான தக்கையும் தொடக்கத்திற்குப் போதுமானவை. தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், முள் தவறி விரலில் தைத்தாலும் எளிதில் கழன்றுவிடும்.

• இரை: மண்புழுத் துண்டையோ பிசைந்த மாவு உருண்டையையோ பெரியவரே முள்ளில் கோத்துக் கொடுத்தால், ஜிலேபிக் கெண்டை போன்ற சிறு மீன்கள் விரைவில் சிக்கி, குழந்தையின் ஆர்வம் குன்றாமல் இருக்கும்.

• எச்சரிக்கை: கெளுத்தி மீனின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள கூரிய முட்கள் குத்தினால் கடுமையாக வலிக்கும் என்பதால், அதைக் குழந்தை தொடாமல் பெரியவரே கழற்ற வேண்டும்.

• காப்பு: நீச்சல் தெரிந்த குழந்தைக்கும் உயிர்காப்பு மேலாடை அணிவித்து, கைக்கெட்டும் தொலைவிலேயே பெற்றோர் இருப்பது கட்டாயம். அறுந்த நரம்பு பறவைகளின் கால்களைச் சுற்றி முடமாக்கும். அதைக் கரையில் விட்டுவராதீர்கள்.