ஆமை கீறிய அரைகுறை முக்கோணம்

"படம் கீறத்தானா ரியூசனுக்குக் காசு கட்டுறன்?"

கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒரு அப்பா, மகளின் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். முக்கோணம் வரவேண்டிய இடத்தில் உடைந்த வளையல் துண்டு மாதிரி ஏதோ கிடந்தது. அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. உயர்தரத் தகவல் தொழினுட்பத் தாளில் படத்துக்கா புள்ளி போடுவார்கள்?

படம் விளையாட்டு, பாடம் வேறு என்ற நம்பிக்கை

திரையில் கோடு கீறியபடி நகரும் ஆமைக்குப் பிள்ளை எழுதியது மூன்றே வரி. ஆமையே, 100 அடி நட. 60 பாகை திரும்பு. இதை மூன்று தரம் செய். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று அவளுக்கு மனப்பாடம். ஆமை சொன்னதைச் செய்தது. வந்தது பாதி அறுகோணம்.

அவள் எழும்பி, சீமெந்துத் தரையில் தானே நடந்து பார்த்தாள். மூலையில் நின்று உடம்பைத் திருப்பியபோதுதான் பிடிபட்டது: திரும்ப வேண்டியது உள்கோணத்தால் அல்ல, வெளிக்கோணத்தால். 120.

இதே அளவு பிழையைச் சராசரிப் புள்ளி கணக்கிடும் செய்நிரலில் விட்டிருந்தால் திரையில் 47 க்குப் பதில் 52 வந்திருக்கும். 52 ஐப் பார்த்தால் பிழை என்று தெரியுமா? பிழையான எண்ணும் சரியான எண் மாதிரியே இருக்கும். மூடாத முக்கோணம் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. படத்தால் கிடைக்கும் இலாபம் இதுதான். பிள்ளைக்குக் குஷி வருவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆமை ஒன்றும் புதுசு இல்லை. 1967 இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்செய்க், சிந்தியா சொலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியோடு புகழ்பெற்ற ஆமை அது. தன்னை ஆமையாக நினைத்து நடந்து பார் என்பதே பேப்பர்ட் சொன்ன வழி. நம் உயர்தரப் பிள்ளைகள் படிக்கும் பைதனோடு அந்த ஆமை சும்மாவே வருகிறது, இணையம்கூடத் தேவையில்லை. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

கணக்கில் புலியாக இருந்தால்தான் சரிவரும் என்ற நம்பிக்கை

x = x + 2. கணக்கில் புலியான பிள்ளை இதைக் கண்டதும் தடுமாறும், ஏனென்றால் கணக்கில் இது ஒருநாளும் உண்மையாகாது. வாவியில் ஒரு தோணி கீறுங்கள். x என்பது தோணி இப்போது நிற்கும் இடம். அதில் 2 ஐக் கூட்டி, புதிய இடமாக வைத்துக்கொள். ஓவியர்களுக்காகக் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001 இல் தொடங்கிய புரொசெசிங் என்ற நிரலாக்கக் கருவியின் வழிவந்த பி5 போன்ற ஒன்றில் இந்த வரி நொடிக்கு 60 தரம் ஓடும். 400 புள்ளி அகல வாவியைத் தோணி மூன்றரை நொடிக்குள் கடந்து, திரையை விட்டே போய்விடும். திரும்பிவர என்ன செய்ய? அப்போதுதான் "இருந்தால்" என்ற நிபந்தனை தேவைப்படுகிறது. ஒவ்வொரு தரமும் தண்ணீரை மறுபடி பூச மறந்தால் தோணி தன் பழைய உருவங்களையெல்லாம் வால்போல இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பிழையை அழகென்று சொல்லி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

கலைப் பிள்ளைக்குக் கணினி எதற்கு என்பதும் இதே வீட்டுப் பேச்சுத்தான். கல்லடியில் இருக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947 இல் வந்த அவருடைய 'யாழ் நூல்' பழந்தமிழ் இசையைக் கணக்குப் போட்டே ஆராய்கிறது.

கோலம்தான் உலகின் முதல் செய்நிரல் என்ற நம்பிக்கை

இது நம்முடைய பெருமிதத்தால் வந்த வினை. நடந்தது வேறு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலத்தின் வடிவங்களை இலக்கண விதிகளாக எழுதலாம் என்று காட்டினார்கள். அவர்களது கட்டுரை 1974 இல் வெளிவந்தது. கணினி அறிவியலுக்குக் கோலம் நல்ல கேள்விகளைக் கொடுத்தது என்பதுதான் உண்மை. வாசலில் கோலம் போடுகிற அம்மா நிரல் எழுதவில்லை. ஒரு புள்ளி விலகினால் அவர் கை தானே வளைந்து சரிக்கட்டிவிடும். கணினி சரிக்கட்டாது. அந்த வித்தியாசத்தைப் பிள்ளை உணர்ந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. ஆனாலும் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று வரிசைக்கு வரிசை குறையும் புள்ளிகளைத் திரையில் வைக்கப் பாருங்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் இன்னொரு லூப் தானாக வந்து நிற்கும்.

ஆங்கிலம் வேண்டும் என்ற நம்பிக்கை

தொடங்குவதற்குச் சில பத்துச் சொற்கள் போதும். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியும் இருக்கிறது.

படம் வந்தால் பாடம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை

இதை அந்த அப்பாவின் பக்கம் நின்று சொல்கிறேன். எங்கேயோ இருந்து பிரதிபண்ணி ஒட்டினாலும் அழகான படம் வரும். ஓட்டுவதற்கு முன்னால் ஒரு எண்ணை மாற்றி, என்ன வரும் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் இன்னும் படிக்கவில்லை.

அன்று மகள் அதைத் திருப்பி அப்பாவிடமே கேட்டாள். 120 ஐ 144 ஆக்கி, மூன்று தரத்தை ஐந்தாக்கினாள்.

"என்ன வரும், அப்பா?"

"ஐந்து தரம்தானே. ஐங்கோணம்."

ஆமை நட்சத்திரம் கீறியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொருக்கா ஓட்டச் சொன்னார்.