பழம் மாளிகையில் ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம்மவர் பழமொழி. வீடு கட்டுவதில் உள்ள பாடு அத்தனை பெரிது. ஆனால் உலகின் பெருநகரங்களில், யாரோ என்றோ கட்டியதில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிக் குடியேறுவோர் பலர். அதிலும் வரலாற்றுச் சிறப்புடைய ஒரு பழம் மாளிகையில் ஒரு வீடு வாங்குவது பலருக்கும் இனிய கனவு. உயர்ந்த கூரை, அகன்ற சாளரம், கைவினைஞர் செதுக்கிய முகப்பு ஆகியவை எவர் மனத்தையும் ஈர்க்கும். அவ்வாறு வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்? எந்தக் கடமைகளைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார்? இவ்வினாக்களுக்கு அமெரிக்காவின் நியூயார்க் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை காண முயல்வோம். வணிகவியல், வரலாறு, அரசியல் ஆகிய மூன்று துறை மாணவர்க்கும் இப்பொருளில் கற்கத்தக்கது உண்டு.

கூட்டுரிமை என்பது யாது?

நிலம் எவருடையதோ, அதன்மேல் நிற்கும் கட்டடமும் அவருடையதே என்பது பழைய உரோமானியச் சட்டக் கொள்கை. இக்கொள்கைப்படி தரைத்தளம் ஒருவருக்கும் மேல்தளம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருத்தல் அரிது. எனினும் நகரங்கள் நெருங்க நெருங்க நடைமுறை மாறியது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, ஒரே வீட்டின் வெவ்வேறு தளங்கள் வெவ்வேறு உரிமையாளரிடம் இருக்கும்போது பழுதுபார்க்கும் செலவை எவ்வாறு பகிர்வது என்று விதி வகுத்தது. மாடி உரிமை பற்றிய அச்சட்டத்தின் முதற்பேச்சே செலவுப் பங்கீடாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் இம்முறை பரவியது பிற்காலத்தில்தான். 1958இல் போர்ட்டோ ரிக்கோவில் இதற்கெனச் சட்டம் வந்தது. 1961இல் அமெரிக்க நடுவண் அரசு இத்தகைய வீடுகளுக்கான அடமானக் கடனுக்குக் காப்புறுதி அளிக்க முன்வந்தது. நியூயார்க் மாநிலம் 1964இல் தன் சட்டத்தை இயற்றியது. இம்முறைக்கு அங்கே காண்டோமினியம் என்று பெயர். நாம் கூட்டுரிமை வீடு எனலாம்.

இம்முறையில் வாங்குபவருக்கு இரண்டு சொத்துகள் கிடைக்கின்றன. ஒன்று, நான்கு சுவர்களுக்குள் அடங்கிய தம் வீடு. மற்றொன்று, நிலம், அடித்தளம், கூரை, வெளிச்சுவர், மாடிப்படி, மின்தூக்கி முதலிய பொதுப் பகுதிகளில் ஒரு பிரிபடாத பாகம். நம் நாட்டில் அடுக்குமாடி வீட்டுப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. தமிழ்நாட்டிலும் 1994இல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

நியூயார்க்கில் இதனினும் பழைய முறை ஒன்றும் உண்டு. அது கூட்டுறவு முறை. 1884இல் கட்டி முடிக்கப்பெற்று, 1961இல் கூட்டுறவாக மாறிய டக்கோட்டா மாளிகை இதற்குச் சான்று. அங்கே வாங்குபவருக்கு வீட்டின்மீது பத்திரம் கிடையாது. கட்டடத்தை உடைமையாகக் கொண்ட நிறுமத்தில் பங்குகளும், அப்பங்குகளோடு இணைந்த குத்தகை உரிமையுமே கிடைக்கும். புதியவரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் நிருவாகக் குழுவுக்கு உண்டு. கூட்டுரிமை வீட்டில் அவ்வளவு அதிகாரம் குழுவுக்கு இல்லை. பெரும்பாலும், பிறர் கொடுக்கும் விலையைக் கொடுத்துத் தானே முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே அதற்கு உண்டு. பத்திரமும் சொத்துவரியும் அடமானமும் வீட்டுக்கு வீடு தனித்தனி.

பழமைக்குச் சட்டக் காவல்

நியூயார்க்கில் 1910இல் திறக்கப்பெற்ற பென்சில்வேனியா இரயில் நிலையம் கற்றூண்களும் வானளாவிய மண்டபமும் கொண்டது. 1963இல் அதனை இடிக்கத் தொடங்கினர். தடுக்க நகரத்திடம் சட்டம் இல்லை. அவ்விழப்பு மக்கள் மனத்தை உறுத்தியது. 1965இல் பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. 11 உறுப்பினர் கொண்ட பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. கட்டடக் கலைஞர், வரலாற்றாசிரியர், மனை வணிகத் துறையினர் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும் என்பது விதி. குறைந்தது 30 ஆண்டு பழமையுடைய கட்டடமே பாதுகாப்புக்குத் தகுதி பெறும். இன்று அந்நகரில் 37,000க்கும் மேற்பட்ட கட்டடங்களும் இடங்களும் இச்சட்டத்தின் காவலில் உள்ளன.

தம் சொத்தைத் தாம் விரும்பியவாறு பயன்படுத்த அரசு தடை செய்யலாமா என்ற வழக்கு, கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தின்மேல் உயர்ந்த கோபுரம் எழுப்ப முயன்ற நிறுவனத்தால் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் ஆறு நீதிபதிகள் நகரத்தின் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். காப்புச் சட்டம் வென்றது.

வீடு வாங்குபவருக்கு இதனால் விளைவது என்ன? காக்கப்பட்ட கட்டடத்தின் வெளித்தோற்றத்தை ஆணையத்தின் இசைவின்றி மாற்ற இயலாது. மரச் சாளரத்தைக் கழற்றி அலுமினியச் சாளரம் வைப்பதற்குக்கூட இசைவு வேண்டும். கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதும் உரிமையாளரின் சட்டக் கடமை. முன்னிருந்தவர் இசைவின்றிச் சாளரத்தை மாற்றியிருந்தால், அதனைச் சரிசெய்யும் பொறுப்பு இன்றைய உரிமையாளரைச் சாரும். ஆகவே வில்லங்கம் பார்ப்பதுபோல் இதனையும் பார்த்தல் வேண்டும்.

உல்வொர்த் மாளிகை

ஒரு சான்று காண்போம். ஐந்து காசு, பத்துக் காசுக் கடைகளால் செல்வம் சேர்த்த உல்வொர்த் என்னும் வணிகர் எழுப்பிய அலுவலகக் கோபுரம் 1913இல் திறக்கப்பட்டது. 792 அடி உயரமுள்ள அது 1930 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. தேவாலயம் போன்ற அதன் தோற்றத்தைக் கண்டு "வாணிபத்தின் பேராலயம்" என்று மக்கள் அழைத்தனர். வடிவமைத்தவர் காஸ் கில்பர்ட்.

அதன் உள்ளே எஃகுச் சட்டம். வெளியே சுடுமண் பலகைகளால் ஆன போர்வை. பலகைகளின் இணைப்புகளில் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்ளும். அது உள்ளிருந்து நெருக்க, பலகை விரிசல் காணும். விரிசல் வழியே மேலும் நீர் புகும். 1970களின் இறுதியில் நடந்த பெரும் பழுதுபார்ப்பில் ஏறத்தாழ 26,000 பலகைகளை மாற்ற வேண்டியதாயிற்று.

1983இல் மாளிகையின் வெளிப்புறமும் முகப்புக் கூடமும் நகரப் பாதுகாப்புக்குள் வந்தன. 2012இல் மேல் 30 தளங்களைக் கட்டுமான நிறுவனம் ஒன்று வாங்கிக் கூட்டுரிமை வீடுகளாக மாற்றத் தொடங்கியது. கீழ்த்தளங்கள் அலுவலகங்களாகவே நீடித்தன. உச்சியிலுள்ள வீட்டுக்கு 2017இல் 11 கோடி டாலர் விலை கூறினர். 2023இல் ஏறத்தாழ 3 கோடி டாலருக்கே அது விற்றது. வரலாற்றுப் பெருமை தானே விலையாகிவிடும் என்று எண்ணுதல் தவறு என்பதற்கு இதுவே சான்று.

ஒரு மாணவியின் மரணம்

1979ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியின் முதலாண்டு மாணவி ஒருவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். பழைய கட்டடம் ஒன்றின் முகப்பிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு அவர் உயிரைப் பறித்தது. அடுத்த ஆண்டே நகரம் சட்டம் இயற்றியது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வல்லுநரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்றது. 1998இல் அவ்விதி கட்டடத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் விரிந்தது. ஆறு மாடிக்கு மேற்பட்ட பழங்கட்டடத்தில் வீடு வாங்குவோர் இந்த ஆய்வுச் சுழற்சிக்குள் வந்து சேர்கின்றனர்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு கட்டடத்தில் 40 வீடுகள் சமப் பங்கில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஆய்வில் முகப்புக்கு 20 லட்சம் டாலர் வேலை இருப்பதாகத் தெரிகிறது. காப்பு நிதியில் இருப்பது 4 லட்சம். மீதி 16 லட்சத்தை 40 வீடுகளும் பகிர்ந்தால் வீட்டுக்கு 40,000 டாலர். இதனைச் சிறப்பு வசூல் என்பர். சென்ற மாதம் வீடு வாங்கியவரும் தம் பங்கைச் செலுத்தியாக வேண்டும்.

அதே 20 லட்சத்தை 20 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மாதந்தோறும் சேர்த்திருந்தால், வட்டியை ஒதுக்கிவிட்டாலும், வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 208 டாலரே ஆகியிருக்கும். மாதப் பராமரிப்புத் தொகை குறைவு என்று விளம்பரம் செய்யப்படும் வீட்டைக் கண்டு மகிழ்வோர் இக்கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். குறைந்த தொகை சிக்கனத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். தள்ளிப்போட்ட கடனாகவும் இருக்கலாம். எது என்பதை ஏடுகளே சொல்லும்.

வாங்குமுன் படிக்க வேண்டிய ஏடுகள் இவை:

1. கூட்டுரிமைப் பத்திரமும் துணை விதிகளும். எது பொதுப் பகுதி, எது தனிப் பகுதி, சாளரம் யார் பொறுப்பு என்பன இவற்றில் இருக்கும்.

2. முதல் விற்பனையின்போது மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்ட விற்பனைத் திட்ட ஏடு.

3. கடந்த சில ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கும் காப்பு நிதியின் இருப்பும்.

4. நிருவாகக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள். கூரை ஒழுகுகிறது, கொதிகலன் பழுது, வழக்கு நிலுவையில் உள்ளது என்பன விளம்பரத்தில் வாரா, இங்கே வரும்.

5. முகப்பு ஆய்வறிக்கையும் பாதுகாப்பு ஆணையத்தின் இசைவுச் சீட்டுகளும்.

6. 1978க்கு முன் கட்டிய வீடாயின், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு பற்றி விற்பவர் தாம் அறிந்ததைத் தெரிவிக்கும் ஏடு. இது நடுவண் சட்டத்தின் கட்டளை.

அழகு எல்லோர்க்கும், செலவு சிலர்க்கா?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. முகப்பின் அழகைத் தெருவில் போவோர் அனைவரும் காசின்றிக் காண்கின்றனர். அதனைக் காக்கும் செலவோ உள்ளே குடியிருப்போர் தலையில் விழுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும் அதே பங்கு. செல்வந்தருக்கும் அதே பங்கு. நாற்பது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர் ஒரு சிறப்பு வசூலைக் கட்ட இயலாமல் வீட்டை விற்க நேர்ந்தால், கட்டடம் காக்கப்பட்டது. அதில் வாழ்ந்தவர் காக்கப்பட்டாரா? கட்டமுடியாத உயரத்தின் உரிமையை அருகிலுள்ள மனைக்கு மாற்றி விற்கலாம் என்ற ஏற்பாடு கிராண்ட் சென்ட்ரல் வழக்கில் நகரத்துக்குத் துணைநின்றது. ஆனால் விற்பதற்கு அத்தகைய உரிமை எல்லாக் கட்டடங்களுக்கும் வாய்ப்பதில்லை.

இதனால் குழுக்கூட்டங்களில் செலவைத் தள்ளிப்போடும் குரல் எழுவது இயல்பு. அக்குரலில் உள்ள துன்பத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் தள்ளிப்போடுதலுக்கும் விலை உண்டு. புளோரிடா மாநிலத்தின் சர்ப்சைடு நகரில் 1981இல் கட்டிய 12 மாடிக் கூட்டுரிமைக் கட்டடம் 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேர் மாண்டனர். அது பழம் மாளிகை அன்று. அதன் வடிவமைப்பிலேயே குறைகள் இருந்தன. எனினும் 2018லேயே பொறியாளர் அறிக்கை சிமெண்டுத் தளத்தின் சேதத்தைச் சுட்டிக்காட்டியிருந்தது. செலவைப் பற்றி உரிமையாளரிடையே விவாதம் நீண்டது. ஏறத்தாழ 1.5 கோடி டாலர் வசூலுக்கு இசைவு கிடைத்த சில வாரங்களில் கட்டடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே அம்மாநிலம், பழைய கட்டடங்களுக்குக் கட்டாய ஆய்வையும் காப்பு நிதிக் கணிப்பையும் சட்டமாக்கியது.

முடிவுரை

பழம் மாளிகையில் வீடு வாங்குபவர் அறைகளோடு ஒரு சிறு குடியரசின் குடியுரிமையையும் வாங்குகிறார். அதற்குச் சட்டம் உண்டு, வரி உண்டு, வாக்கு உண்டு, அண்டை வீட்டார் என்னும் சக குடிமக்கள் உண்டு. அதன் கூரையையும் முகப்பையும் தனியொருவர் காக்க முடியாது. சிறிது சிறிதாக, காலத்தில், அனைவரும் சேர்ந்து செலுத்தும் தொகையே காக்கும். அவ்வாறு சேர்த்தால்தான் முதியவரும் எளியவரும் ஒரே நாளில் பெருந்தொகைக்கு ஆளாகாமல் அங்கேயே வாழ இயலும்.

ஆகவே, கணக்கேட்டைப் புரட்டுவதை வறண்ட வேலை என்று மாணவ நண்பர்கள் கருதலாகாது. ஐந்தொகையும் காப்பு நிதியும் தேர்வுக்குரிய தலைப்புகள் மட்டும் அல்ல. ஒரு நகரத்தின் வரலாறு நிற்பதும், அதன் நிழலில் நடப்போர் நலமாக வீடு திரும்புவதும் அவற்றைப் பொறுத்தே அமைகின்றன. நாளை நம்முள் எவரேனும் எந்த ஊரிலேனும் ஒரு கூட்டுக் கட்டடத்தில் வீடு வாங்கும்போது, முதலில் சாளரத்தின் வழியே தெரியும் காட்சியைப் பார்க்கட்டும். கையொப்பம் இடுமுன் கணக்கேட்டையும் ஒருமுறை பார்க்கட்டும்.