'லெற்' என்னும் சிறுசொல்

ஆங்கில வினைச்சொற்களிலே 'லெற்' மிகச் சிறியவற்றுள் ஒன்று. மூன்றே எழுத்து. இறந்தகாலத்திலும் அதன் உருவம் மாறுவதில்லை. எளிதென்று எண்ணி மாணவர் இதனைத் தாண்டிப் போய்விடுகின்றனர். பெரிய சொற்களுக்கு அகராதி புரட்டுவோம். தடுமாற வைப்பவை இத்தகைய சிறிய சொற்களே.

முதற்பொருள் நமது 'விடு' என்பதுதான். 'லெற் ஹிம் கோ' என்றால் 'அவனைப் போக விடு'. இங்கே 'கோ' என்பதற்கு முன் 'ரூ' வராது. 'லெற் ஹிம் ரூ கோ' என்று எழுதுவது பிழை. 'அலவ்' என்ற சொல்லை ஆண்டால் 'ரூ' வேண்டும்: 'அலவ் ஹிம் ரூ கோ'. பொருள் ஏறக்குறைய ஒன்றே. அலுவலகக் கடிதத்துக்குப் பின்னையதே பொருத்தம். 'அவன் வரட்டும்' என்பதற்கும் 'லெற்' உதவும். ஆனால் 'நான் வரட்டுமா?' என்று கேட்க அது உதவாது. அதற்கு 'மே ஐ கம்?' என்றே கேட்க வேண்டும்.

'லெற் அஸ் கோ' என்பதில் கவனம் தேவை. காவலரிடம் சொன்னால் 'எங்களைப் போக விடுங்கள்'. தோழரிடம் சொன்னால் 'நாம் போவோம்'. நாம், நாங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. 'அஸ்' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. 'லெற்ஸ் கோ' என்று சுருக்கினால் இரண்டாம் பொருள் மட்டுமே நிற்கும். ஆங்கிலத் திருப்பலியில் குரு சொல்லும் 'லெற் அஸ் பிரே' இந்த இரண்டாம் வகை. இலத்தீனில் அது 'ஓரேமுஸ்', தமிழில் 'மன்றாடுவோமாக'. நமக்கு ஒரு சொல் போதும், ஆங்கிலத்துக்கு மூன்று!

வீட்டை வாடகைக்கு விடுவதும் 'லெற்' தான். எடுப்பது அன்று. இலண்டனில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர், விசாப் படிவத்தில் 'ஐ ஹாவ் லெற் எ ஹவுஸ்' என்று எழுதிவிட்டால், அவர் வீட்டுச் சொந்தக்காரர், வாடகை வருமானம் உள்ளவர் என்றே அதிகாரி கொள்வார். எடுத்தவர் 'றென்ற்' என்ற சொல்லை ஆள வேண்டும்.

இன்னொன்று பெற்றோருக்கு. வெளிநாட்டில் உள்ள மகனைப் பற்றி ஒருவர் 'ஹி வோஸ் லெற் கோ' என்று எழுதினால், விடுமுறை கொடுத்து அனுப்பினார்கள் என்று மகிழ வேண்டாம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதே பொருள். நேரே சொல்ல விரும்பாத முதலாளிமாரின் மென்சொல் இது. பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுமுன், பிள்ளை எப்படியிருக்கிறான் என்று கேட்டு எழுதுங்கள். 'லெற் டவுன்' என்பதோ நம்பினவரைக் கைவிடுதல்.

இச்சொல்லுக்கு 'தடை' என்ற நேர்மாறான பொருளும் உண்டு என்றால் வியப்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரு சொற்கள் இருந்தன: ஒன்று விடுதல், மற்றது தடுத்தல். காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவம் பெற்றன. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில், உரோமையரிடம் வர முயன்றும் தாம் தடைப்பட்டதைப் புனித பவுல் கூறும் இடத்தில் (உரோ 1:13) 'லெற்' என்றே இருக்கிறது. இன்றைய பொருளில் படித்தால் தலைகீழாகிவிடும். இப்பழம்பொருள் வழக்கொழிந்து போனாலும், பிரித்தானியக் கடவுச்சீட்டின் முகப்பு வாசகத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதை உடையவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு கேட்கும் அவ்வாசகத்தில், 'தடை' என்பதற்கு நிற்கும் சொல் 'லெற்'.