மண்ணில் தங்கும் கரியும் நம் கிணற்று நீரும்

டீசல் வண்டியின் புகை, விறகடுப்புப் புகை, தெருமுனையில் எரியும் குப்பை ஆகிய எல்லாவற்றிலும் முழுமையாக எரியாத கார்பன் நுண்துகளாக வெளியேறுகிறது. இதற்குக் கருங்கார்பன் என்று பெயர். சில நாட்கள் காற்றில் மிதந்த பின் மொட்டை மாடியிலும் சாலையிலும் மண்ணிலும் படிந்துவிடும். இலைதழை போல இது எளிதில் மக்காது. அமேசான் பகுதியில் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் மண்ணில் சேர்த்த அடுப்புக்கரி இன்றும் அங்கே இருக்கிறது.

இந்தக் கரிக்கு இரண்டு குணங்கள் உண்டு.

ஒன்று, பிடித்து வைப்பது. கரி முழுவதும் நுண்துளைகள். எண்ணெய்க் கழிவு, பூச்சிமருந்து போன்றவை அதில் ஒட்டிக்கொள்ளும். குடிநீர் வடிகட்டியில் கரி வைப்பது இதற்காகத்தான். மண்ணில் உள்ள கரியும் சில நஞ்சுகள் நிலத்தடி நீருக்கு இறங்காமல் தடுக்கிறது.

மற்றொன்று, சுமந்து செல்வது. புகைக்கரி உருவாகும்போதே நச்சுப் பொருட்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றான பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மழையில் மண் அரித்துப் போனால் கரியும் நஞ்சும் சேர்ந்தே ஏரிக்குப் போகும். கரியின் ஒரு பகுதி நீரில் கரையவும் செய்கிறது. ஆறுகள் கடலில் சேர்க்கும் கரைந்த கரிமப் பொருளில் சுமார் 10 சதவீதம் எரிந்த கரியிலிருந்து வந்தது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது.

சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. இப்படி நீர்நிலையின் ஓரத்தில் குப்பை எரிந்தால், அடுத்த மழையே கரியை நீரில் சேர்த்துவிடும்.

தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியில் படிந்த கரி அந்தக் குழாய் வழியே நம் கிணற்றுக்கும் வரும். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். கரியோடு வந்த உலோக நஞ்சு போகாது. எனவே:

• மழைக்காலத்துக்கு முன் மாடியைப் பெருக்கி, குப்பையை அள்ளிவிடுங்கள்.
• முதல் மழை நீரைக் கிணற்றுக்கு விடாமல் வெளியேற்றுங்கள்.
• வடிகட்டும் தொட்டியில் மணல், ஜல்லியைக் கழுவுங்கள். கரி போட்டிருந்தால் மாற்றுங்கள். துளைகள் நிரம்பிய கரி நஞ்சைப் பிடிக்காது.
• வெறும் மண்ணில் புல்லோ செடியோ வளருங்கள். வேர் மண்ணை அரிக்க விடாது.
• பிளாஸ்டிக்கையும் சருகையும் எரிக்காதீர்கள். சருகை மக்கவிட்டால் உரமாகும்.

இன்று வாசலில் எரிக்கும் குப்பையின் கரி, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதே மண்ணில் இருக்கும்.