பெட்டிக்குள் எவ்வளவு சூடு?

கேள்வி: நாங்கள் சீனன்குடாவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 74. மாரி தொடங்கினால் சுடுதண்ணி இல்லாமல் குளிக்கமாட்டார். மகள் நுவரெலியாவில் ரீச்சர், கைக்குழந்தைக்காரி. டித்வா புயலோடு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் குழந்தையோடு குளிரில் பட்ட பாட்டைச் சொல்லி அழுதாள். கனடாவிலிருக்கும் மகன், இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு ‘பவர் ஸ்ரேஷன்’ பற்றரிப் பெட்டி வாங்கித் தருவதாகச் சொல்கிறான். இங்கே வாங்கக் காசு அனுப்பவா, அங்கிருந்தே கொண்டுவரவா என்றும் கேட்கிறான். கடையில் 1000 என்று போட்ட பெட்டியைக் காட்டி, “அன்ரி, ஹீற்றர், கேத்தல், ரைஸ் குக்கர் எல்லாம் இதிலே ஓடும்” என்றார்கள். மகளிடம் இருப்பது 2000 வோட் அறை ஹீற்றர். எங்களிடம் வாளிக்குள் போடும் சுருள் ஹீற்றர். வாங்கலாமா?
— வாசகி, சீனன்குடா

பதில்: வாங்கலாம் அம்மா. ஆனால் ஹீற்றரை மனதில் வைத்து வாங்கினால் இரண்டு வீட்டிலும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் அந்த 1000. பெட்டியின் நெற்றியில் ஒரு எண்ணைத்தான் பெரிதாக அடித்திருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியதோ இரண்டு எண்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது ஒன்று. அது வோட் கணக்கு. உள்ளே மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது மற்றது. அது வோட்-மணிக் கணக்கு. இரண்டும் 1000 ஆக இருக்கலாம். முதலாவது 1000 ஆகவும் மற்றது 600 ஆகவும் இருக்கலாம். சில கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்த சிலர் வாய் திறக்கமாட்டார்கள்.

1000 வோட்-மணி என்பது மின்சாரப் பில்லில் வரும் ஒரு யூனிட். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைக்கிறீர்களே, முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகும் அதற்குள் இருப்பது அந்த ஒரு யூனிட்தான். அதிலும் இன்வேட்டர், பற்றரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டுக்கு மாற்றும்போது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உங்கள் கைக்கு வருவது 850, மிஞ்சினால் 900.

மகளின் 2000 வோட் ஹீற்றரை 1000 வோட் பெட்டியில் செருகினால் ஒரு சத்தம் கேட்கும், திரையில் எச்சரிக்கை வரும், பெட்டி நின்றுவிடும். 2000 வோட் தாங்கும் இன்வேட்டர் உள்ள பெட்டியாக இருந்தால் ஓடும்தான், ஆனால் 25 நிமிடம் கழித்து அதுவும் நிற்கும். நுவரெலியா இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். தை, மாசியில் விடியற்புறம் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குகிற ஊர். அங்கே அரை மணித்தியாலச் சூடு, கதவை இரண்டு தரம் திறந்து மூடினால் வெளியே போய்விடும். இரவுக்கு இன்னும் எட்டு மணித்தியாலம் மிச்சமிருக்கும்.

இங்கே கடைக்காரர் இன்னொரு கதை சொல்லக்கூடும்: “சின்னப் பெட்டி பெரிய ஹீற்றரையும் ஓட்டும்.” சில கம்பனிப் பெட்டிகளில் இந்த வசதி உண்மையிலேயே உண்டு. பெட்டி செய்வது வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுப்பது. 230 வோல்ட்டை 160 ஆக்கினால் ஹீற்றர் கம்பி இழுக்கும் மின்சக்தி பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அது வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு கூடிக் குறைவது. உங்கள் 2000 வோட் ஹீற்றர் 1000 வோட் ஹீற்றராகிறது. ஓடுகிறது என்று காட்டலாம், சூடு பாதிதான் வரும். காற்றாடி வைத்த ஹீற்றராக இருந்தால் காற்றாடியும் மெதுவாகச் சுற்றும், கம்பிக்குக் காற்றுப் போதாமல் உள்ளே அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். அந்த வித்தையை நம்பிக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

ஹீற்றரில் குற்றமில்லை. வாங்கிய மின்சாரம் முழுவதையும் சூடாக மாற்றிக் கொடுக்கும் கருவி அது. சூடாக்குவதற்கு வேண்டிய சக்திதான் அவ்வளவு பெரிது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வேண்டியதோடு அதை ஒப்பிடவே முடியாது. அதை அறிய சீனன்குடாக்காரர் வெளியே போகத் தேவையில்லை. பிரித்தானியர் உங்கள் ஊர்க் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் ஏறக்குறைய நூறு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அதில் ஒரு தாங்கி தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. கடையில் காட்டிய பெட்டியில் பத்தை அடுக்கினால்தான் அந்த ஒரு லீற்றருக்குச் சமன். குசினியில் நிற்கும் 12.5 கிலோ காஸ் சிலிண்டரை எடுங்கள். அடுப்பில் பாதிச் சூடு வீணாகப் போனாலும், எழுபது, எண்பது பெட்டிகளின் வேலையை அது செய்துவிடும். பற்றரி எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, ஆனாலும் எரிபொருளுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் குழந்தை.

இனி ஐயாவின் குளிப்பு. ஒரு லீற்றர் தண்ணியை 28 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 84 வோட்-மணி வேண்டும். கேத்தலின் இழப்பு, இன்வேட்டரின் இழப்பு இரண்டையும் சேர்த்தால் பெட்டியிலிருந்து 110 வரை போகும். நான்கு லீற்றரைக் கொதிக்க வைத்து 14 லீற்றர் பச்சைத்தண்ணியோடு கலந்தால் 44 பாகை வரும், இதமான ஒரு வாளி. அந்த ஒரு வாளிக்குப் பெட்டியில் பாதி காலி. மாலையில் குளித்தால் இரவுக்குக் காற்றாடி ஓடுமா என்று நீங்கள்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சுருள் ஹீற்றரில் எனக்கு வேறொரு பயமும் உண்டு. வீட்டு லைனில் மின்கசிவு வந்தால் ரிப் சுவிட்ச் விழுந்து ஆளைக் காப்பாற்றும். பெட்டியில் நேரே செருகிய ஹீற்றருக்கும் அந்தச் சுவிட்சுக்கும் தொடர்பே இல்லை. இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் எர்த் இல்லாமல் ஓடுபவை. வெடித்த சுருள், அலுமினிய வாளி, ஈரச் சீமெந்துத் தரை, சூடு பார்க்கக் கைவிடும் 74 வயது மனிதர்: இந்த நான்கும் ஓரிடத்தில் சேரக் கூடாது. சுருளைக் கரண்ட் இருக்கும்போது வீட்டு லைனிலேயே போடுங்கள். கழற்றிய பிறகுதான் தண்ணியைத் தொட வேண்டும்.

சுடுதண்ணிக்கு உங்கள் வீட்டில் வேறு வழி இல்லாமலா? முன்னறிவித்த மின்வெட்டு என்றால் கரண்ட் போகுமுன் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றிவிடலாம். அறிவிக்காமல் போவதும் நம் நாட்டில் உண்டு. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி முழு நாடும் இருண்டதே. அதற்குக் காஸ் அடுப்பு. 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற நினைவில் அதையும் நம்ப மனம் வராவிட்டால் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லும் நாலு விறகும். மழை விட்ட நாட்களில் கறுத்த வாளியில் தண்ணி நிறைத்து, மூடி, காலை பத்து மணிக்கே வெயிலில் வைத்துவிடுங்கள். பிற்பகலில் ஐயாவுக்குக் குளிர் தெரியாது. அந்த வெயிலைச் சூரியத் தகட்டில் பிடித்து, பற்றரியில் ஏற்றி, திரும்பச் சுருள் ஹீற்றரில் இறக்குவது கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நின்றுகொண்டு கேத்தல் கேட்பது மாதிரி.

ரைஸ் குக்கர் 700 வோட் அளவில் அரை மணித்தியாலம் ஓடும். 1000 வோட்-மணிப் பெட்டியில் இரண்டு தரம் சோறு வைக்கலாம். அவசரத்துக்குச் சரி, பழக்கத்துக்கு வேண்டாம்.

மகளின் வீட்டில் கதை வேறு. அங்கே குளிர் உண்மையானது, குழந்தையும் இருக்கிறது. ஆனாலும் அறை முழுவதையும் சூடாக்க நினைத்தால் எந்தப் பெட்டியும் போதாது. ஆளைச் சூடாக்கினால் போதும். மின் போர்வை 60 முதல் 100 வோட் வரைதான் இழுக்கும். அதையும் இரவு முழுக்கப் போடத் தேவையில்லை. படுக்குமுன் அரை மணித்தியாலம் போட்டுப் படுக்கையைச் சூடாக்கினால் 50 வோட்-மணியோடு முடிந்துவிடும். பெட்டியின் திரையில் ஐந்தாறு சதவீதம் குறையும். குழந்தையைக் கிடத்துமுன் போர்வையை அணைத்து, படுக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும், மறக்கவே கூடாது. கைக்குழந்தைக்கு மின் போர்வையும் ஆகாது, சுடுதண்ணிப் பையும் ஆகாது. சூடு கூடினால் அதற்குச் சொல்லத் தெரியாது, விலகிப் படுக்கவும் முடியாது. குழந்தைக்கு ஆகச் சிறந்த ஹீற்றர் தாயின் நெஞ்சுதான். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேற்றர் போதாத ஆஸ்பத்திரியொன்றில் மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளைத் தாய்மாரின் வெற்று மார்போடு அணைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைச் சொல்லிக் கொடுக்கிறது. தொப்பி, காலுறை, இருவருக்கும் மேலால் ஒரு கம்பளி, அவ்வளவும் பற்றரி இல்லாமலே.

ஒன்றை மகளுக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: கரண்ட் இல்லாத இரவில் கரிச்சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழும்பமாட்டார்.

அப்படியானால் பெட்டி எதற்கு? வெளிச்சம், தொலைபேசி, ரவுட்டர், உங்கள் பக்கத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு காற்றாடி. 1000 வோட்-மணிப் பெட்டியில் 50 வோட் காற்றாடி ஒரு முழு இரவு ஓடும், மறுநாள் பகலுக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஒரு சின்ன இரகசியம்: 230 வோல்ட் பொத்தானை அமத்தி வைத்தாலே பெட்டி சும்மா இருந்து 10, 15 வோட் தின்னும். 9 வோட் பல்பு ஒன்றுக்காக அதைத் திறந்து வைப்பது நட்டம். யூ.எஸ்.பி. விளக்கு வாங்கி அந்தத் துளையில் செருகுங்கள்.

ஆகவே மகளுக்கு 1000 வோட்-மணி, உங்களுக்கு 500 போதும். இரண்டும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகையாக இருக்கட்டும். 3,000 தரம் சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கக்கூடியது. தகரக் கூரைக்குக் கீழே, வெயில் விழும் யன்னலோரம் வைக்காதீர்கள், சூட்டில் பற்றரியின் ஆயுள் குறையும். ஓய்வில் வைக்கும்போது பாதிச் சார்ஜில் வைத்து, மாரிக்கு முன் நிரப்புங்கள். இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் பெட்டியைச் சுவர்ப் பிளக்கோடு இணைத்து வீடு முழுக்க ஓட்ட யாராவது யோசனை சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்; வெளியே லைன் திருத்த ஏறியிருப்பவர் அதில் செத்துப்போவார்.

கனடாவிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அங்கே விற்கும் பெட்டி பொதுவாக 120 வோல்ட் தருவது, நம்முடைய 230 வோல்ட் சாமான் அதில் ஒழுங்காக ஓடாது. அதோடு பயணிகள் விமானத்தில் 160 வோட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைக் கைப்பையிலோ பயணப் பெட்டியிலோ கொண்டுவர விடமாட்டார்கள். காசை அனுப்பட்டும், இங்கேயே உத்தரவாதத்தோடு வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது 800 வோட்டுக்கு உட்பட்ட சின்னக் கேத்தல் ஒன்றையும் ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். முழுச் சார்ஜில் உள்ள பெட்டியில் கடைக்காரரையே கொதிக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 1000 வோட்-மணிப் பெட்டியென்றால் திரையில் 11 முதல் 13 சதவீதம் வரை குறையும். 500 பெட்டி அந்தக் கேத்தலைத் தாங்குமென்றால் அதன் இரட்டிப்பு. 1000 என்று எழுதிய பெட்டியில் 20ஐத் தாண்டினால் கேத்தலை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.